தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: இந்தியப் பாஸ்போர்ட்டோடு தேடுபவர்களுக்கு

வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா என்று இணையத்தில் தேடினால் வந்து விழும் கட்டுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்கர்களையும் பிரிட்டிஷ்காரர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு பட்டம், ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெற்றதைக் காட்டும் 120 மணி நேர டெஃபல் சான்றிதழ், ஒரு விமான டிக்கெட், இறங்கிய வாரத்திலேயே வேலை. அவர்களுக்கு அது பொய்யில்லை. நான் அதை எனக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். மே மாதம் சேர்ந்திருக்க வேண்டியவன் நவம்பரில்தான் சேர்ந்தேன். நடுவில் போன ஆறு மாதமும் அதற்கான செலவும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்த நாடு என்பதை முடித்துவிடுவோம். தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது. 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தில் ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களுக்குச் சின்னதாக ஒரு கதவு வைத்திருக்கிறார்கள், ஆனால் முதல் வேலைக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. சீனாவும் தைவானும் கிட்டத்தட்ட அதே கதை. ஜப்பானில் நம்மைப் போன்றவர்களிடம் 12 ஆண்டு ஆங்கில வழிக் கல்விக்கு அத்தாட்சி கேட்பார்கள். மெட்ரிக் பள்ளியில் எல்கேஜியிலிருந்து படித்தவர்கள் முயன்று பார்க்கலாம். தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா ஆகிய மூன்றும்தான் நமக்கு ஓரளவு திறந்திருப்பவை. எனக்குத் தெரிந்தது தாய்லாந்து, அதனால் இனி அதைப் பற்றி மட்டும்.

முதல் வேலை: உங்கள் பெயரைச் சரிபார்ப்பது

சிரிக்காதீர்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

நம் பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராகக் குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. நமக்கு இதில் ஒன்றும் விசித்திரமில்லை. தாய்லாந்துப் பள்ளி அலுவலகத்தில் இருக்கும் அம்மாவுக்கு இது இரண்டு வேறு ஆட்கள். "இந்த 'எஸ்' யார்?" என்று என்னிடம் கேட்டார். அது என் அப்பா என்றேன். அப்படியானால் இது அப்பாவின் சான்றிதழா என்று அடுத்த கேள்வி வந்தது.

ஆகவே வேலை தேடத் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட், பட்டம், மதிப்பெண் பட்டியல், டெஃபல் சான்றிதழ், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் அறிக்கை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் பாஸ்போர்ட்டை முதலில் திருத்துங்கள். அதன் பிறகு எடுக்கும் ஒவ்வொரு சான்றிதழும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பட்டத்தில் உள்ள இனிஷியலை மாற்றப் பல்கலைக்கழகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, பட்டத்தோடு எப்போதும் சேர்த்தே வைத்திருங்கள்.

அடுத்தது பட்டத்துக்கு அரசுச் சான்றொப்பம். மாநில உயர்கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம், கடைசியில் தாய்லாந்துத் தூதரகம் என்று மூன்று படி. சென்னையிலேயே தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருப்பது நமக்கு வசதி. இதோடு பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட்டும் வாங்க வேண்டும். ஒவ்வொரு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் அடுக்கிக் கொடுத்தால் அதை டிரான்ஸ்கிரிப்ட்டாக ஏற்காத பள்ளிகள் உண்டு. பல்கலைக்கழகக் கவுன்டரில் இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வேலை கிடைத்த பிறகு ஓடினால் ஆகாது. காவல்துறை நன்னடத்தைச் சான்றைப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். இதை மட்டும் கடைசியில் எடுங்கள், பழைய தேதி போட்டதைப் பள்ளிகள் ஏற்பதில்லை.

எந்தத் தகுதிக்கு என்ன மதிப்பு

ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம் கட்டாயம். அது ஆங்கில இலக்கியமாக இருக்க வேண்டியதில்லை. தாய்மொழி ஆங்கிலம் இல்லாத நாட்டவர் என்று நம்மை வகைப்படுத்துவதால் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்பார்கள். பரவலாகக் கேட்கப்படுவது டொயிக் 600, மொத்தம் 990-க்கு. ஆங்கில வழியில் படித்தவருக்கு 600 பெரிய விஷயமில்லை. ஐஇஎல்டிஎஸ் எழுதி வைத்திருந்தால் அதுவும் செல்லும். இரண்டுக்குமே ஆயுள் இரண்டு ஆண்டுதான். டொயிக்கைப் பாங்காக்கிலேயே எழுதலாம், செலவும் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட எவ்வளவோ குறைவு.

டெஃபல் சான்றிதழில் பணத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம். சில ஆயிரம் ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் 120 மணி நேரப் படிப்பு விண்ணப்பத்தில் ஒரு வரியை நிரப்பும், அவ்வளவுதான். உண்மையில் வகுப்பெடுக்கக் கற்றுத்தருவது கேம்பிரிட்ஜின் செல்டா. குறைந்தது 120 மணி நேர நேரடிப் பயிற்சியும், அதில் பார்வையாளர் உட்கார்ந்து மதிப்பிடும் 6 மணி நேர உண்மையான வகுப்பும் உண்டு. ஆனால் லட்சத்துக்கு மேல் ஆகும். முதல் வேலைக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

பி.எட். முடித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நம் ஊரில் வேலை கிடைக்காமல் பீரோவில் தூங்கும் அந்தப் பட்டம் அங்கே எந்த டெஃபலையும்விடக் கனமானது. தாய்லாந்தில் ஆசிரியர் உரிமம் கொடுக்கும் அமைப்பின் பெயர் குருசபா. ஆமாம், நம் காதில் விழும் அதே குருவும் சபையும்தான். கல்வியியல் பட்டம் இருந்தால் அங்கே உரிமத்துக்கான பாதை சுருங்கி எளிதாகிவிடும். இல்லாதவர்களுக்குப் பள்ளி விண்ணப்பித்துத் தற்காலிக அனுமதி வாங்கித் தரும். அது 2 ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும், கூடவே பயிற்சி, தேர்வு என்று வரும். ஒன்றிரண்டு ஆண்டு இருந்துவிட்டுத் திரும்ப நினைப்பவருக்குத் தற்காலிக அனுமதியே போதும்.

பி.எஸ்சி. கணிதம், இயற்பியல் படித்தவர்கள் இதைக் கவனியுங்கள். தாய்லாந்துப் பள்ளிகள் பலவற்றில் 'இங்கிலீஷ் புரோகிராம்' என்று ஒரு பிரிவு உண்டு. கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு கணிதம், அறிவியல் பாடங்களையும் ஆங்கிலத்தில் நடத்துவார்கள். ஆங்கில ஆசிரியர் வேலைக்கு வெள்ளைக்கார முகம் தேடும் அதே பள்ளி, கணித ஆசிரியர் வேலைக்கு இந்தியர் என்றதும் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்காரும். நம்மைப் பற்றிய ஒரு பொதுப்பிம்பம் நமக்குச் சாதகமாக வேலை செய்யும் அபூர்வ இடம் இது, பயன்படுத்திக்கொள்வதில் தப்பில்லை.

எப்போது, எங்கே தேடுவது

அவர்களுடைய கல்வியாண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. முதல் பருவம் மே முதல் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கம் வரை. இரண்டாவது நவம்பரில் தொடங்கும். அதனால் ஆள் எடுக்கும் காலம் மார்ச் முதல் மே தொடக்கம் வரை ஒன்று, அக்டோபர் ஒன்று. ஆகஸ்டில் விண்ணப்பித்தால் பதிலே வராது. உங்களிடம் குறை இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பருவ நடுவே யாராவது ஓடிப்போனால் மட்டும் திடீரென்று இடம் விழும்.

விளம்பரங்களுக்கு ஆஜான்.காம் என்ற தளம் பழையது, எல்லாரும் பார்ப்பது. ஆசிரியரைக் குறிக்கும் தாய்லாந்து மொழிச் சொல் 'ஆஜான்', நம் ஆசாரியன்தான் திரிந்து நிற்கிறான். ஃபேஸ்புக்கில் தாய்லாந்து ஆசிரியர்களுக்கான குழுக்களும் உண்டு. விளம்பரத்தில் 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்' என்றிருந்தால் உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நல்லது என்று விளக்கி அஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்காமல் அடுத்ததற்குப் போங்கள். சிலர் பாஸ்போர்ட்டைச் சொல்கிறார்கள், சிலர் தோல் நிறத்தைச் சொல்கிறார்கள், இரண்டையும் அஞ்சலில் மாற்ற முடியாது. ஒரே பள்ளியில் ஒரே பாடத்துக்கு நாட்டைப் பொறுத்துச் சம்பளம் மாறுவதையும் பார்ப்பீர்கள். கோபம் வரும். எனக்கும் வந்தது.

பாங்காக்கையும் கடற்கரை ஊர்களையும் முதல் வேலைக்கு விட்டுவிடுங்கள், போட்டி அங்கேதான் அதிகம். வடகிழக்கில் ஈசான் என்று சொல்லப்படும் பகுதி, கோன் கேன், உடோன் தானி, ரோய் எட் போன்ற மாகாணங்களின் சிறு நகரங்கள், இங்கே உள்ள அரசுப் பள்ளிகள், கத்தோலிக்கத் தனியார் பள்ளிகள், மழலையர் பள்ளிகள்தான் நமக்கான வாசல். அங்கே ஏற்கெனவே பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எந்தப் பள்ளியில் யார் கிளம்புகிறார்கள், எந்த ஏஜென்சி சம்பளத்தை இழுத்தடிக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். எனக்கு வேலை கிடைத்ததும் ஒரு பிலிப்பினோ அக்கா சொல்லித்தான், விளம்பரம் பார்த்து அல்ல.

விண்ணப்பத்தில் புகைப்படம் கட்டாயம். முழுக்கைச் சட்டை, டை, சிரித்த முகம். பாஸ்போர்ட் படத்தில் முறைப்பதைப் போல முறைக்கக் கூடாது. கூடவே உங்கள் குரலும் முகமும் தெரிய ஒரு நிமிட வீடியோ எடுத்து இணைப்பை அனுப்புங்கள். இந்தியர் என்றதும் அவர்கள் மனதில் ஓடும் முதல் சந்தேகம் உச்சரிப்பு, அதைக் கேட்கும் முன்பே தீர்த்துவிடலாம். நம் பிரச்சினை உச்சரிப்பைவிட வேகம். பாதி வேகத்தில் பேசுங்கள், அதுவே போதும்.

டெமோ கிளாஸ்

நேர்காணல் பத்து நிமிடம் சிரிப்பிலேயே போய்விடும். முடிவு செய்வது 15, 20 நிமிட டெமோ வகுப்புதான். நான் முதல் டெமோவில் நிகழ்காலத் தொடர்வினையை வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டு விளக்கினேன். இலக்கணம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. நாற்பது பிள்ளைகளும் மரியாதையாகத் தூங்கினார்கள். வேலை கிடைக்கவில்லை.

அவர்கள் தேடுவது 'சனுக்'. களிப்பு, கலகலப்பு என்று சொல்லலாம். ஐந்தாறு சொற்கள் போதும். பழங்கள், விலங்குகள், உடல் உறுப்புகள் என ஏதாவது ஒன்று. சொல்லைக் காட்டி, எல்லாரையும் சேர்ந்து சொல்லவைத்து, எழுந்து ஆடும் ஒரு விளையாட்டில் முடியுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்லாந்து ஆசிரியர்களில் சிலருக்கு உங்கள் ஆங்கிலம் முழுதாகப் புரியாது. பிள்ளைகள் சிரிக்கிறார்களா, ஒரு பிள்ளையாவது வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசியதா என்றுதான் பார்ப்பார்கள்.

உச்சரிப்பில் ஒன்று தெரிந்து போனால் உதவும். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் வரும் 'ல்' ஒலி 'ன்' ஆகிவிடும், தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் நடுவில் ஓர் உயிரைச் செருகுவார்கள். ஸ்கூல் என்பது 'சகூன்' ஆகிவிடும். இஸ்கூல் என்று சொல்லி வளர்ந்த நமக்கு அந்தச் சிக்கல் எங்கே இருக்கிறது என்று சட்டெனப் புரியும். லண்டனிலிருந்து வந்தவருக்கு அது புரிய ஒரு வருடம் ஆகும்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது

முதலில் தேதி. ஆண்டு 2569 என்று இருந்தால் பயப்படாதீர்கள், பௌத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் நம் கணக்கு வந்துவிடும். அப்புறம் மாதங்களை எண்ணுங்கள். 12 மாதச் சம்பளமா, 10 மாதமா? ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள் அடிக்கடி ஏமாறுவது இங்கே. ஏப்ரலும் அக்டோபரும் விடுமுறை, அந்த மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது என்று நடுவில் ஒரு வரி ஒளிந்திருக்கும். மாதம் 25,000 பாட் என்று சொல்லி 10 மாதம் தந்தால், 21,000-க்கு 12 மாதம் தரும் பள்ளியைவிட அது குறைவு.

சம்பளம் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்றவருக்கு மாகாணங்களில் முதல் வேலைக்கு 20,000 முதல் 28,000 பாட் வரை எதிர்பார்க்கலாம். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல். சிற்றூரில் அறை வாடகை 4,000, 5,000 பாட், சாப்பாடு ஒரு வேளைக்கு 50, 60 பாட். தனி ஆளாக வசதியாக இருக்கலாம், கொஞ்சம் மிச்சமும் பிடிக்கலாம். ஊரில் கடன் வைத்துக்கொண்டு அதை அடைக்கப் போகிறேன் என்றால் இது அதற்கான வேலை இல்லை, வளைகுடா வேறு, இது வேறு.

வாரத்துக்கு எத்தனை பீரியட், விசா மற்றும் வேலை அனுமதிச் செலவு யாருடையது, நடுவில் விலகினால் அபராதம் உண்டா, சனிக்கிழமை முகாம்களுக்குக் காசு உண்டா என்பதையும் கேளுங்கள். 18 முதல் 22 பீரியட் வரை வழக்கமான சுமை. தாய்லாந்து மொழிப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் முரண்பட்டால் தாய்லாந்து மொழிப் பிரதிதான் செல்லும் என்று எழுதியிருப்பார்கள். கையெழுத்துக்கு முன் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் அந்தப் பிரதியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் பணம் கேட்கும் ஏஜென்சி எதுவானாலும் வேண்டாம். ஏஜென்சிக்கான பங்கு பள்ளி தரும் தொகையிலேயே போய்விடுகிறது. இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப்போய், மே சோட் எல்லை வழியாக மியான்மரின் மியாவடிக்குக் கடத்தி இணைய மோசடிக் கூடங்களில் அடைத்தார்கள். 2022-ல் மீட்கப்பட்டுத் திரும்பியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். ஆசிரியர் வேலை என்றே வந்தாலும், பள்ளியின் பெயரை வரைபடத்தில் தேடிப் பாருங்கள், பள்ளித் தொலைபேசிக்கு நீங்களே அழையுங்கள். வீடியோ நேர்காணல் இல்லாமல் நேரே டிக்கெட் அனுப்புகிறவர்களிடமிருந்து விலகி ஓடுங்கள்.

விசா, வேலை அனுமதி

தேவைப்படுவது நான்-இமிகிரண்ட் பி விசா. பள்ளி அனுப்பும் காகிதக் கட்டோடு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் 90 நாள் தருவார்கள். அதற்குள் வேலை அனுமதியும் குருசபா அனுமதியும் வாங்கி, குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி ஓராண்டுக்கு நீட்டிப்பார்கள். வேலை அனுமதிக்கு மருத்துவச் சான்று வேண்டும். தொழுநோய், காசநோய், யானைக்கால் என்று பட்டியலைப் பார்த்தால் திகிலாக இருக்கும், தெருமுனை கிளினிக்கில் அரை மணி நேர வேலைதான்.

இந்தியர்கள் விசா இல்லாமல் சுற்றுலாவாக நுழையும் சலுகை 2023 நவம்பரில் வந்தது. நேரில் போய்ப் பள்ளிகளைப் பார்க்கவும் நேர்காணலுக்கும் பலர் சுற்றுலாவாகத்தான் போகிறார்கள். அதில் வேலை செய்ய முடியாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. "திங்கட்கிழமையே வந்து பாடம் எடுங்கள், விசாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பள்ளி அன்பாகச் சொல்லும். அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல். அபராதம் கட்டுவதும் கிளம்புவதும் நீங்கள், பள்ளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். காகிதம் வரும்வரை காத்திருக்கிறேன் என்று சிரித்தபடியே சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்காமல் மறுப்பது அங்கே ஒரு கலை, சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள்.

கையில் எவ்வளவு கொண்டுபோவது? முதல் சம்பளம் வர ஒன்றரை மாதம்கூட ஆகலாம். அறைக்கு முன்பணம், விசாச் செலவு, உடுப்பு, பழைய பைக் வாடகை எல்லாம் சேர்த்து 40,000 பாட், அதாவது ஒரு லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் இருந்தால் நிம்மதி.

போய்ச் சேர்ந்த பிறகு

காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம், தேசிய கீதம். அதற்கு முன் வாசலில் நின்று பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லும் முறை உங்களுக்கும் வரும். அவர்களும் கை கூப்பித்தான் வணங்குவார்கள், இந்த ஒன்றில் நமக்குப் பயிற்சி தேவையில்லை. திங்கட்கிழமைகளில் போட மஞ்சள் சட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மன்னர் பிறந்த கிழமையின் நிறம். பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழ் வரும் பாவாடைதான் பெரும்பாலான பள்ளிகளில். சுடிதார் போடலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஜூன் மாதம் பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரூ' நடக்கும். குரு வணக்கம். பிள்ளைகள் பூத்தட்டோடு முழங்காலில் தவழ்ந்து வந்து உங்கள் முன் வைப்பார்கள். முதல் முறை எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்திருக்க வேண்டும், தட்டை வாங்கிக்கொண்டு வாழ்த்த வேண்டும். மற்ற நாள்களில் பிள்ளைகளின் தலையைத் தொடாதீர்கள், செல்லமாகக்கூட. எல்லார் முன்பும் திட்டாதீர்கள். ஒரு பிள்ளையை ஃபெயில் போடுவதும் கிட்டத்தட்ட நடக்காது. மறுதேர்வு, ஒப்படைப்பு என்று ஏதாவது கொடுத்துத் தேர்ச்சி ஆக்கச் சொல்வார்கள். முதலாண்டே அதை மாற்றக் கிளம்ப வேண்டாம்.

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் முகவரி தெரிவிக்க வேண்டும். செல்பேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் வந்தால் அவர்களுக்கு சொங்க்ரான், நமக்குச் சித்திரை ஒன்று, பள்ளியும் விடுமுறை. எல்லாரும் சென்னைக்கு டிக்கெட் போடுவது அப்போதுதான். கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி எடுங்கள். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அது இல்லாமல் எல்லையைத் தாண்டினால் ஓராண்டு விசா அங்கேயே ரத்தாகிவிடும், மறுபடி முதல் படியிலிருந்து. மறந்து விமான நிலையம் வரை வந்துவிட்டாலும் பாங்காக்கின் சுவர்ணபூமியில் அதற்கென்று கவுன்டர் இருக்கிறது. பாஸ்போர்ட் அளவு புகைப்படம் ஒன்றைப் பர்ஸில் போட்டு வைத்திருங்கள்.